கெடு வைத்த குளிர்: ஐரோப்பாவின் குளிர்பதனச் சந்தை



"ஐரோப்பாவில் வணிக, தொழில்துறைக் குளிர்பதனச் சாதனங்களின் சந்தைப் போக்கு" என்ற தலைப்பை அழைப்பிதழில் பார்த்தவர்கள், வளர்ச்சி விகிதங்களையும் வண்ணப் படங்களையும் எதிர்பார்த்து வந்திருக்கலாம். அப்படிப்பட்ட அறிக்கைகள் சந்தையில் நிறைய உண்டு, விலையும் அதிகம். படித்து முடித்தால் "ஆண்டுக்கு இத்தனை சதவீதம் வளரும்" என்ற ஒரு வரி மிஞ்சும். ஏன் வளரும், எந்த எந்திரம் வளரும், எது குப்பைக்குப் போகும் என்று கேட்டால் பதில் இருக்காது. எனவே இன்று அந்த வழியில் போகப் போவதில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஐரோப்பாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டோ, பால் பண்ணையோ, மீன் கிடங்கோ எந்தக் குளிர்பதன எந்திரத்தை வாங்குகிறது என்பதை, ஒரு சட்டத்தின் பின்னிணைப்பில் உள்ள அட்டவணை பெருமளவுக்குத் தீர்மானிக்கிறது. வெயிலும் மின்கட்டணமும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

அந்த அட்டவணையைப் பார்ப்போம். ஃபுளோரின் கலந்த குளிர்பதன வாயுக்களை, குறிப்பாக எச்எஃப்சி எனப்படும் வகையை, ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் முதன்முதலாகச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அப்போது பேச்சு கசிவைத் தடுப்பது பற்றித்தான். 2014-ல் வந்த இரண்டாவது சட்டத்துக்குத்தான் பல் இருந்தது: ஒன்றியம் முழுமைக்கும் ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்து, 2030-க்குள் அதை 21 சதவீதத்துக்கு இறக்குவோம் என்றது. 2024 மார்ச் 11 முதல் நடப்பில் உள்ள மூன்றாவது சட்டம் அந்தப் படிக்கட்டை இன்னும் செங்குத்தாக்கிவிட்டது. 2025, 2026 ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 4 கோடியே 29 லட்சம் டன். 2027-ல் அது ஏறத்தாழப் பாதியாகி, 2 கோடியே 17 லட்சம். 2030-ல் 91 லட்சம். 2050-ல் பூஜ்யம்.

இந்த டன் வாயுவின் எடையன்று. அந்த வாயு காற்றில் கலந்தால் எத்தனை டன் கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும் என்ற கணக்கு. சந்தையின் சூட்சுமம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. ஆர்-404ஏ என்பது ஐரோப்பிய சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒரு காலத்தில் எங்கும் ஓடிய வாயு. அதன் மதிப்பெண் 3,922. அதாவது ஒரு கிலோ கசிந்தால் கிட்டத்தட்ட நான்கு டன் கரியமில வாயு. நம் வீட்டு ஏசிகளில் இப்போது வரும் ஆர்-32-க்கு 675. ஒரு கிலோ 404ஏ இறக்குமதி செய்யத் தேவைப்படும் ஒதுக்கீட்டில் ஐந்தே முக்கால் கிலோவுக்கு மேல் ஆர்-32 கொண்டுவந்துவிடலாம். கையில் இருக்கும் உரிமை இவ்வளவுதான் என்றால் வியாபாரி எதைக் கொண்டுவருவார்? 404ஏ வேண்டாம் என்று யாரும் பிரச்சாரம் செய்ய வேண்டியிருக்கவில்லை. கணக்கு தானாக அதை வெளியே தள்ளியது.

2018-ல் உச்சவரம்பு 63 சதவீதத்துக்கு இறங்க இருந்தது. அந்தத் தேதி எல்லோருக்கும் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். இருந்தும் 2017-ல் சந்தை அதிர்ந்துபோனது. 404ஏ-யின் விலை பல மடங்கு ஏறியது. ஐரோப்பாவில் இனி 404ஏ விற்கப் போவதில்லை என்று ஹனிவெல் அறிவித்தது. குளிர்பதன ஒப்பந்ததாரர்கள் பழைய விலையில் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள்; கசிந்த கேஸை நிரப்பிக் கொடுத்தே பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். பழைய கடைகளில் ஆண்டுக்குப் பத்து, பதினைந்து சதவீதக் கேஸ் கசிவது யாருக்கும் அதிசயமாக இருந்ததில்லை. அதுவரை அது ஒரு சில்லறைச் செலவு. அன்றிலிருந்து கசிவு என்பது நிர்வாக இயக்குநரின் மேசைக்குப் போகும் விஷயமாயிற்று.

விலை ஏறினால் கள்ளக்கடத்தல் வரும். உக்ரைன், துருக்கி வழியாக வாயு உள்ளே வந்தது. ருமேனியாவில் மீண்டும் மீண்டும் பிடிபட்டது. லண்டனைச் சேர்ந்த சுற்றுச்சூழல் புலனாய்வு முகமை 2019-லும் 2021-லும் இதைப் பற்றித் தனி அறிக்கைகளே வெளியிட்டது. அதில் எனக்குப் பிடித்த தடயம் ஒன்று உண்டு. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் சிலிண்டரை ஐரோப்பிய ஒன்றியம் 2007-லேயே தடைசெய்துவிட்டது. அங்கே முறையான வாயு, திருப்பிக் கொடுத்து மறுபடி நிரப்பும் கனமான சிலிண்டரில்தான் வரும். ஆகவே மெல்லிய தகட்டுச் சிலிண்டர் ஒன்று வண்டியில் இருந்தாலே போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று சோதிக்கும் முன்பே சுங்க அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிடும். நம் ஊரில் ஏசி மெக்கானிக் ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு போகிறாரே, அதே சிலிண்டர்தான்.

இனி சூப்பர் மார்க்கெட்டுக்குள் போவோம். இங்கேதான் மாற்றம் மிக ஆழமாக நடந்திருக்கிறது. 2022 ஜனவரி 1 முதல், 40 கிலோவாட்டும் அதற்கு மேலும் திறன் கொண்ட மையக் குளிர்பதன அமைப்பைப் புதிதாக நிறுவினால், அதில் ஓடும் வாயுவின் மதிப்பெண் 150-க்குக் கீழே இருக்க வேண்டும். அடுக்கு முறை அமைப்பின் முதல் சுற்றுக்கு மட்டும் 1,500 வரை சலுகை. நடைமுறையில் இதற்கு ஒரே பொருள்: கரியமில வாயு. எதைத் தடுக்க இத்தனை சட்டமோ, அதே வாயு எந்திரத்துக்குள் தீர்வாகப் போய் உட்கார்ந்துகொண்டது. அதன் மதிப்பெண் 1.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. ஜெர்மானியரான ஃபிரான்ஸ் விண்ட்ஹவுசன் 1880-களிலேயே கரியமில வாயுவில் ஓடும் எந்திரம் செய்தார். இங்கிலாந்தின் ஜே அண்ட் ஈ ஹால் நிறுவனம் அதை இறைச்சி ஏற்றும் கப்பல்களுக்குக் கட்டிக் கொடுத்தது. பிறகு ஃபிரியான் வந்தது. அழுத்தம் குறைவு, வாசனை இல்லை, தீப்பிடிக்காது. கரியமில வாயு எந்திரங்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மறைந்துபோயின. 1980-களின் இறுதியில் நார்வேயின் டிரான்ட்ஹைம் பேராசிரியர் குஸ்டாவ் லோரென்ட்சன் அதைத் தூசு தட்டி எடுத்தார். 31 டிகிரிக்கு மேல் கரியமில வாயு எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. பழைய எந்திரங்கள் வெயில் காலத்தில் திணறியதற்கு அதுதான் காரணம். திரவமாகாவிட்டால் போகட்டும், அந்த நிலையிலேயே அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி எந்திரத்தை ஓட்டலாம் என்று காட்டினார் அவர். 1995-ல் அவர் மறைந்தபோது அவருடைய யோசனை ஆய்வகத்தை விட்டுப் பெரிதாக வெளியே வந்திருக்கவில்லை.

வெளியே கொண்டுவந்தது டென்மார்க்கின் வருமான வரித்துறை என்று சொன்னால் மிகைதான்; ஆனால் வரி என்ற மட்டில் உண்மை. டென்மார்க் 2001-ல் எச்எஃப்சி வாயுக்களுக்கு வரி போட்டது. 2007-ல் பத்துக் கிலோவுக்கு மேல் நிரப்பும் புதிய எந்திரங்களையே தடை செய்தது. சின்ன நாடு, சின்னச் சந்தை. அந்த நெருக்கடியில் ஆர்ஹூஸ் நகரத்தில் அட்வான்சர் போன்ற இளம் நிறுவனங்கள் கரியமில வாயு எந்திரம் கட்டப் பழகின. டான்ஃபோஸ் அதற்கேற்ற வால்வுகளையும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளையும் செய்தது. மற்ற நாடுகள் 2015-க்குப் பிறகு கண்விழித்தபோது டென்மார்க்காரர்கள் பத்தாண்டு முன்னால் இருந்தார்கள். அட்வான்சரை 2011-லேயே ஒரு அமெரிக்கக் குழுமம் வாங்கிவிட்டது. கண்டிப்பான சட்டம் உள்ளூர்த் தொழிலைக் கொன்றுவிடும் என்று தொழிலதிபர் சங்கக் கூட்டங்களில் பேசுகிறவர்கள் இந்தக் கதையை ஒருமுறை படிக்கலாம். இன்று ஐரோப்பாவில் பல பத்தாயிரம் கடைகள் இந்த முறையில் ஓடுகின்றன.

அந்தக் கடைகளில் ஒன்றின் பின்புறத்து எந்திர அறையை நினைத்துப் பாருங்கள். வரிசையாக ஏழெட்டு கம்ப்ரஸர்கள். ஒவ்வொன்றும் அளவில் சிறியது, ஏனென்றால் கரியமில வாயு அடர்த்தியானது, அதே குளிருக்குச் சிறிய உருளை போதும். கூரையில் இருக்கும் குளிர்விப்பானுக்குப் போகும் குழாயில் 90 பார் அழுத்தம், அதாவது உங்கள் கார் டயரில் உள்ளதைப் போல நாற்பது மடங்கு. சாதாரணச் செப்புக் குழாய் இதற்குத் தாங்காது. இரும்பு கலந்த செப்பு உலோகக் கலவையில், 120 பார் தாங்கும் குழாய் போடுகிறார்கள். அங்கிருந்து இறங்கி நடுத் தொட்டியில் 35 பார். பால், இறைச்சி அலமாரிகளில் 27 பார் அளவில். ஃபிரீசருக்குப் போகும்போது 14 பார். கரண்ட் போனால் என்ன ஆகும்? எந்திரம் நிற்கும், உள்ளே இருப்பது மெல்லச் சூடாகும், அழுத்தம் ஏறும், பாதுகாப்பு வால்வு திறந்து வாயு வெளியே பீறிடும். அதற்காகத் தனி மின்சாரத்தில் ஓடும் ஒரு குட்டிக் குளிர்பதன எந்திரம், பெரிய எந்திரம் நிற்கும்போது தொட்டியை மட்டும் குளிர்ச்சியாக வைத்திருக்கும். கரியமில வாயு மலிவு. இழந்தால் பணம் பெரிதாகப் போகாது. ஆனால் சனிக்கிழமை மாலையில் கடையின் குளிர் அலமாரிகள் எல்லாம் நின்றால் போவது வேறு கணக்கு.

வெயில் பிரச்சினைக்கு வருகிறேன். வட ஐரோப்பாவில் ஆண்டின் பெரும்பகுதி வெளி வெப்பம் 31 டிகிரிக்கு வெகு கீழே; கரியமில வாயு எந்திரம் சிக்கனமாக ஓடும். ஸ்பெயின், தெற்கு இத்தாலி, கிரேக்கம் என்று இறங்க இறங்க மின்சாரச் செலவு ஏறும். ஐரோப்பாவின் குறுக்கே ஒரு கோடு போட்டு, இதற்குத் தெற்கே வேண்டாம் என்று தொழிலில் வழக்கமாகச் சொல்லிவந்தார்கள். அதற்குக் "கரியமில வாயுவின் நிலநடுக்கோடு" என்றே பெயர். பிறகு இணை கம்ப்ரஸர் வந்தது; எஜெக்டர் வந்தது. அழுத்தத்தைக் குறைக்கும் வால்வில் வீணாகும் சக்தியைப் பிடித்து, கம்ப்ரஸரின் பாரத்தை ஓரளவு சுமக்க வைக்கும் அசையும் பாகமில்லாத ஒரு குழல்தான் எஜெக்டர். கோடு தெற்கே நகர்ந்துகொண்டே போய், இப்போது விற்பனையாளர்கள் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள்.

சிறிய சாதனங்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐஸ்கிரீம் பெட்டி, பானம் வைக்கும் கண்ணாடி அலமாரி போன்றவற்றில் புரொப்பேன் ஜெயித்துவிட்டது. தீப்பிடிக்கும் வாயு என்பதால் பெட்டிக்கு 150 கிராம்தான் என்று நெடுநாள் கட்டுப்பாடு இருந்தது. 2019-ல் சர்வதேசத் தரக்குழு அதை ஏறத்தாழ 500 கிராம் வரை தளர்த்தியது. பெரிய அலமாரிகளுக்கும் வழி பிறந்தது. 2021 மார்ச் முதல் இந்த அலமாரிகளுக்கும் வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி மின்சாரத் தர ஒட்டிகள் வந்துவிட்டன. கதவில்லாத திறந்த அலமாரிதான் வாடிக்கையாளரை இழுக்கும் என்று கடைக்காரர்கள் முப்பது ஆண்டுகளாக நம்பிவந்தார்கள். 2022-ல் ரஷ்ய எரிவாயு பெரும்பகுதி நின்று மின்கட்டணம் எகிறியதும் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. கண்ணாடிக் கதவு போட்டால் அலமாரியின் மின்சாரம் வழக்கமாக மூன்றில் ஒரு பங்கு குறையும். இதைச் சட்டம் பெரிதாகச் செய்யவில்லை, மின்கட்டண ரசீது செய்தது. என் வாதத்துக்கு எதிரான உதாரணம்தான், மறைக்க விரும்பவில்லை.

தொழிற்சாலைப் பக்கம் போனால் காற்றின் திசையே வேறு. அங்கே அமோனியா எப்போதும் போகவேயில்லை. கார்ல் ஃபான் லிண்டே தன் அமோனியா எந்திரத்தை டிரியெஸ்ட் நகரத்து டிரெஹர் மதுவடிப்பாலைக்கு 1877-ல் கொடுத்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது ஓடியது. தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் ஐஸ் ஃபேக்டரி வாசலில் மூக்கைத் துளைக்குமே, அதே அமோனியாதான். மதிப்பெண் பூஜ்யம். பால், பீர், இறைச்சி, உறைகுளிர்க் கிடங்கு என்று ஐரோப்பாவின் பெரிய எந்திரங்கள் அதிலேயே ஓடுவதால், எச்எஃப்சி அட்டவணை அவற்றைத் தொடவில்லை. மாறியது வேறொன்று. குளிர்பதன எந்திரம் ஒரு பக்கம் குளிரைக் கொடுத்தால் மறுபக்கம் வெப்பத்தைத் தள்ளும். நூறு ஆண்டுகளாக அந்த வெப்பத்தைக் கூரையில் காற்றோடு விட்டுக்கொண்டிருந்தார்கள். எரிவாயு விலை ஏறிய பிறகு அதே வெப்பத்தை இன்னொரு கம்ப்ரஸர் கொண்டு உயர்த்தி, பால் பதப்படுத்தவும் பாத்திரம் கழுவவும் ஊருக்கு வெந்நீர் கொடுக்கவும் பயன்படுத்துகிறார்கள். டென்மார்க்கில் சில சூப்பர் மார்க்கெட்டுகள் ஊரின் வெந்நீர்க் குழாய் வலையில் வெப்பத்தை விற்கின்றன. அதே நாட்டின் எஸ்பியர்க் துறைமுகத்தில், கடல்நீரிலிருந்து வெப்பத்தை உறிஞ்சி நகரத்தைச் சூடாக்கும் கரியமில வாயு வெப்பப் பம்பு அறுபது மெகாவாட்டுக்கு மேல் திறன் கொண்டது. கெயா, ஜான்சன் கண்ட்ரோல்ஸின் சாப்ரோ போன்ற நிறுவனங்களின் பட்டியலில் குளிர்பதன எந்திரமும் வெப்பப் பம்பும் இன்று பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. என் கணிப்பில் தொழில்துறைக் குளிர்பதனத்தில் இனி லாபம் வெப்பத்தின் பக்கத்தில்தான்.

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் எந்திரங்களின் சந்தையில் இப்போது எல்லோரும் பேசுவது டேட்டா சென்டர். 2022 ஜூலை 19-ஆம் தேதி இங்கிலாந்தில் முதன்முறையாக வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது. லண்டனில் கூகுள், ஆரக்கிள் நிறுவனங்களின் டேட்டா சென்டர்களில் குளிரூட்டல் தோற்று, சேவைகள் நின்றன. கைஸ் அண்ட் செயின்ட் தாமஸ் மருத்துவமனைகளின் கணினிகளும் முடங்கின. நமக்கு 40 டிகிரி சித்திரை மாதத்துச் சாதாரண மதியம். அங்கே எந்திரத்தைத் தேர்வு செய்யும்போது அந்த எண் யார் மனத்திலும் இருந்ததில்லை. அயர்லாந்தில் 2023-ல் நாட்டின் அளவிடப்பட்ட மின்சாரத்தில் 21 சதவீதம் டேட்டா சென்டர்களுக்குப் போயிற்று. ஜெர்மனி அதே ஆண்டு ஒரு சட்டம் செய்து, 2026 ஜூலை முதல் தொடங்கும் டேட்டா சென்டர்கள் தாம் பயன்படுத்தும் ஆற்றலில் பத்து சதவீதத்தையாவது மறுபயனுக்குக் கொடுக்க வேண்டும் என்றது. இதிலும் கெடு, இதிலும் தேதி. ஆனால் இந்தச் சந்தையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. சிப்பின் மேலேயே திரவத்தை ஓட்டிக் குளிர்விக்கும் முறை பரவினால், வெதுவெதுப்பான நீரே போதும். வட ஐரோப்பாவில் ஆண்டின் பெரும்பகுதி கம்ப்ரஸரே ஓட வேண்டியிருக்காது. இன்று சில்லருக்காகக் காத்திருக்கும் வரிசை பத்தாண்டு கழித்தும் அப்படியே நிற்கும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

இந்த ஓட்டத்தில் சொத்து கைமாறிய விதத்தையும் பாருங்கள். லிண்டே நிறுவனம் 1879-ல் தொடங்கியது. அதன் குளிர்பதனப் பிரிவை 2004-ல் அமெரிக்கக் கேரியர் வாங்கியது. கேரியர் 2024-ல் தன் வணிகக் குளிர்பதனத் தொழிலைச் சீனாவின் ஹையருக்கு விற்றுவிட்டது; அதே ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃபீஸ்மான் வெப்பப் பம்புத் தொழிலை 1,200 கோடி யூரோவுக்கு வாங்கிக்கொண்டது. குளிரை விற்று வெப்பத்தை வாங்கியிருக்கிறது என்று சொல்லலாம். ஆஸ்திரியாவின் ஏஎச்டி ஜப்பானின் டைகினிடம். காற்றோட்டச் சாதனம் செய்யும் ஃபிளேக்ட் குழுமத்தை 2025-ல் வாங்கியது சாம்சங். எப்டா, ஆர்னெக் போன்ற குடும்ப நிறுவனங்கள் மட்டும் இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

விற்பவர் எல்லோரும் பதில் சொல்லத் தயங்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. எச்எஃப்சிக்கு மாற்றாக ரசாயன நிறுவனங்கள் எச்எஃப்ஓ என்ற வாயுக்களைக் கொண்டுவந்தன. வெப்ப மதிப்பெண் மிகக் குறைவு. ஆனால் அவற்றுள் சில காற்றில் சிதையும்போது டிரைஃபுளோரோ அசிட்டிக் அமிலமாகி மழைநீரில் இறங்குகின்றன. அது எளிதில் அழியாது. 2023 பிப்ரவரியில் ஜெர்மனி, டென்மார்க், நெதர்லாந்து, நார்வே, ஸ்வீடன் ஆகிய ஐந்து நாடுகளும் சேர்ந்து தயாரித்த தடைப் பரிந்துரை வெளியானது. அழியா ரசாயனங்களை ஒட்டுமொத்தமாகக் கட்டுப்படுத்தும் அதன் வலையில் இந்த வாயுக்களும் விழுகின்றன. தன் பணிக்காலத்தில் ஆர்-502, ஆர்-22, 404ஏ, அதன் பிறகு வந்த கலவைகள் என்று வாயு மாற்றியே களைத்த ஒரு சூப்பர் மார்க்கெட் பொறியாளர், இனியும் காப்புரிமை பெற்ற இன்னொரு வாயுவை நம்புவாரா? நம்பவில்லை என்றுதான் ஆர்டர்கள் சொல்கின்றன. கரியமில வாயுவையும் புரொப்பேனையும் அமோனியாவையும் யாரும் இனி தடை செய்யப் போவதில்லை என்ற நிம்மதிக்கு அவர் கூடுதல் விலை கொடுக்கிறார்.

தட்டுப்பாடு இப்போது வாயுவில் இல்லை, கையில்தான். 90 பார் அழுத்தத்தில் ஓடும் எந்திரத்தைத் திறந்து மூடத் தெரிந்த, தீப்பிடிக்கும் வாயுவோடு வேலை செய்யச் சான்றிதழ் பெற்ற மெக்கானிக் ஐரோப்பாவில் போதுமான அளவு இல்லை. ஜெர்மனியில் இந்தத் தொழில் பயிற்சி மூன்றரை ஆண்டு. 2024 சட்டம் அதுவரை எச்எஃப்சிக்கு மட்டும் இருந்த சான்றிதழ்க் கட்டாயத்தை இந்த இயற்கை வாயுக்களுக்கும் நீட்டியிருக்கிறது. நல்ல சட்டம்; ஆனால் பயிற்சிக் கூடங்களில் பல இன்னும் பழைய எந்திரத்தையே வைத்துக்கொண்டிருக்கின்றன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். எச்எஃப்சியைக் குறைப்பதற்கான சர்வதேசக் கிகாலி ஒப்பந்தப்படி இந்தியா அதன் பயன்பாடு 2028-லிருந்து மேலும் கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 2032-ல் முதல் பத்து சதவீதக் குறைப்பு. 2047-க்குள் 85 சதவீதம். நம் படிக்கட்டு பின்னால் தொடங்குகிறது, அவ்வளவுதான். சென்னையில் ஐஐடி வளாகத்தில், நார்வேயின் டிரான்ட்ஹைம் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, எஜெக்டர் பொருத்திய கரியமில வாயு எந்திரம் ஒன்றை நிறுவி ஆராய்ந்திருக்கிறார்கள். லோரென்ட்சனின் ஊரிலிருந்தே வந்த விதை. ஐரோப்பாவில் ஆண்டுக்குச் சில வாரம் வரும் 31 டிகிரி, நமக்குப் பெரும்பாலான நாட்களின் பகல். அழுத்த வித்தியாசம் கூடக் கூட எஜெக்டரால் மீட்கக் கிடைக்கும் சக்தியும் கூடும் என்பதால், அந்தக் குழல் உண்மையில் எவ்வளவு சம்பாதித்துக் கொடுக்கும் என்பது இங்கேதான் முழுதாகத் தெரியும். டான்ஃபோஸுக்கு ஒரகடத்தில் பெரிய வளாகம் இருப்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இங்கே முன்வரிசையில் இருக்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது, ஏசி பிரிவைக் கேட்காமல் வணிகக் குளிர்பதனப் பிரிவைக் கேளுங்கள். அங்கே இருக்கை காலியாக இருக்கும்.